அக்கா கப்பல் ஏறுமுன்: ஒரு குன்னூர் நாட்குறிப்பு

ஜனவரி 4, 2026, ஞாயிறு

அக்கா குடும்பம் இந்த மாதக் கடைசியில் கப்பல் ஏறுகிறது. அம்மாவும் கூடப் போகிறாள். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கும் தாய்லாந்தின் புக்கெட்டும் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்கும் நான்கு இரவுப் பயணம். நான் பல வருடம் கப்பலில் கேபின் ஸ்டூவர்டாக, அதாவது பயணிகளின் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளாக, இருந்தவன். அதனால் எல்லாக் கேள்வியும் எனக்குத்தான் வருகிறது. 2022இல் சென்னையிலிருந்தே சுற்றுலாக் கப்பல் கிளம்ப ஆரம்பித்த பிறகு குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் இந்த ஆசை பரவிவிட்டது. அக்காவுக்குச் சொல்வதை மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் கேள்வி, எந்த அறை? "எந்த ரூமா இருந்தா என்ன, தூங்கத்தானே போறோம்" என்றார் அக்கா வீட்டுக்காரர். தூங்கப் போவதால்தான் பார்த்து எடுக்க வேண்டும் மாமா என்றேன். கப்பலின் தளப் படத்தை விரித்து, நம் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடிவதற்கு முன்னாலேயே சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் தலைமேல் கேட்கும். கீழே தியேட்டர் இருந்தால் நடுராத்திரி வரை பாட்டு. மேலும் கீழும் வெறும் அறைகளாகவே இருக்கிற தளம்தான் நிம்மதி. அடுத்த அறைக்குப் போக உள்கதவு இருக்கும் அறைகளும் உண்டு. இரண்டு குடும்பமாகப் போனால் வசதி. இல்லையென்றால் பக்கத்து அறைப் பேச்சு முழுக்க நமக்குக் கேட்கும்.

கொஞ்சம் மலிவு என்று 'அறையை நாங்களே ஒதுக்குவோம்' வகை டிக்கெட்டைத் தள்ளப் பார்ப்பார்கள். அம்மா மாதிரி வயதானவர்கள் கூட வரும்போது அது வேண்டாம்.

ஜனவரி 6, செவ்வாய்

அம்மாவுக்கு ஒரே கவலை. மேட்டுப்பாளையம் இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவுக்கே பர்லியாறு தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும், கடலில் என்ன ஆகும் என்று.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். உடம்பு ஆடுவதை உள்காது சொல்கிறது. பஸ்ஸுக்குள் முன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ ஒன்றும் ஆடவில்லை என்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டல். வளைவைப் பார்த்தபடியே ஓட்டுகிற டிரைவருக்கு வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? கப்பலிலும் அதே வைத்தியம்தான். ஆட்டம் தெரிந்தால் அறைக்குள் போய் போனைப் பார்க்கக் கூடாது. திறந்த தளத்துக்கு வந்து, கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டத் தின்பதும் ஆகாது. மாத்திரை போடுவதானால் டாக்டரைக் கேட்டு, குமட்டல் தொடங்குவதற்கு முன்னாலேயே போட வேண்டும். வந்த பிறகு போட்டால் மாத்திரையே தங்காது.

ஆட்டம் குறைவாகத் தெரிவது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில். முன்முனையும் பின்முனையும்தான் அதிகம் ஏறி இறங்கும். முன்முனைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: விடியற்காலையில் துறைமுகத்துக்குள் நுழையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகள் ஓடும், அந்த அதிர்வில் கட்டிலே நடுங்கும். அக்கா நடுப்பகுதியிலேயே எடுத்துவிட்டாள். போகும் வழியும் நல்லதுதான். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்ரா. இரண்டு நிலமும் அணைத்துக்கொண்டிருப்பதால் பெரிய அலைகள் அங்கே வருவது குறைவு.

ஜனவரி 9, வெள்ளி

பெட்டி கட்டும் சண்டை ஆரம்பித்தாகிவிட்டது. அறை எவ்வளவு சின்னது என்று வாயால் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. வாசலில் அம்மாவின் கோலமாவை எடுத்து 15 அடிக்கு 10 அடி ஒரு கட்டம் போட்டேன். ஜன்னல் இல்லாத உள்ளறை பெரும்பாலும் இவ்வளவுதான். அதற்குள்ளேயே கட்டில், அலமாரி, ஒரு மேசை, குளியலறை. அக்கா கட்டத்துக்குள் நின்று இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பார்த்தாள். மாமா பேசாமல் போய்ப் பெரிய பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிட்டார்.

காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். அதற்கேற்ற உயரத்தில்தான் கட்டில் இருக்கும். கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. நாலைந்து காந்தக் கொக்கிகள் வாங்கிப் போனால் ஸ்வெட்டர், தொப்பி, ஈரத்துணி எல்லாம் சுவரில் தொங்கும். ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும்.

அம்மா மின்சாரக் கெட்டில் எடுத்து வைத்திருந்தாள். அதை வெளியே எடுத்து வைத்தேன். கெட்டில், இஸ்திரிப் பெட்டி இரண்டும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் அதே கதிதான். கடல் நடுவில் தீப்பிடித்தால் தப்பி ஓட இடமில்லை, அந்தக் கண்டிப்பு நியாயமானது. சுடுதண்ணீர் பஃபே பக்கம் எந்நேரமும் கிடைக்கும். ஒரு ஃபிளாஸ்க்கும் நம்மூர்த் தேயிலைப் பையும் இருந்தால் போதும்.

பொடி வகைகளில் கசகசா சேர்ந்தது எதுவும் வேண்டாம். சிங்கப்பூரில் அதற்குப் போதைப்பொருள் தொடர்பான கட்டுப்பாடு இருக்கிறது. வீட்டில் சமைத்த சாப்பாட்டையும் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். கடையில் சீல் வைத்த வர்க்கி, பருப்புப்பொடி பாக்கெட் பரவாயில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

இத்தாலியில் ஜீலியோ தீவுக்குப் பக்கத்தில் கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதி இன்றோடு 14 வருடம். 32 பேர் இறந்துபோனார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், 2015 முதல், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று உலக விதி மாறியது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பயிற்சிக்குக் கூப்பிடும்போது முணுமுணுக்கிற பயணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. அது கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும், நம் அறையிலிருந்து எந்தப் படிக்கட்டு, அவ்வளவுதான் தெரிந்திருக்க வேண்டும். லிஃப்டை மறந்துவிட வேண்டும். அறைக்குப் போனதும் அம்மாவின் கையைப் பிடித்து அந்த வழியை ஒருமுறை நடந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். அக்கா சரி என்றிருக்கிறாள்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் கூட்டம் இறங்கிவிட்டது. இன்றுதான் உட்கார நேரம் கிடைத்தது. காசு பற்றி.

கப்பலில் ரொக்கம் ஓடாது. ஏறும்போது தரும் அட்டையே சாவி, அதுவே கணக்குப் புத்தகமும். அந்தக் கணக்கோடு டெபிட் கார்டை இணைக்காதீர்கள். ஒரு தொகையை அவர்கள் முன்கூட்டியே நிறுத்தி வைப்பார்கள், அது உங்கள் சேமிப்புக் கணக்கில் திரும்ப விடுபட நாளாகும். கிரெடிட் கார்டு என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் தனியே ஏறும். டிக்கெட் விலையைப் பார்க்கும்போதே அதையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கப்பலில் ஏறியவுடனே போனை ஃபிளைட் மோடுக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த செல்போன் அலைவரிசை ஒன்று இருக்கும். போன் தானாக அதைப் பிடித்துக்கொண்டால் வீடு திரும்பியதும் வருகிற பில்லைப் பார்த்து நெஞ்சு அடைக்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அம்மா செவ்வாய், வெள்ளி சைவம். முதல் நாள் இரவே சாப்பாட்டு அறையின் தலைமைப் பரிமாறுபவரைத் தனியாகப் பார்த்து, "நாளைக்கு இந்திய சைவம், காரம் இவ்வளவு" என்று சொல்லிவிட வேண்டும். பல கப்பல் சமையலறைகளில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். மெனுவில் இல்லாத சாதமும் பருப்பும் மறுநாள் தட்டில் வந்துவிடும். மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பஃபேக்குள் நுழையும் முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், ஒவ்வொரு தடவையும். கப்பலில் பரவி வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் கிருமிக்கு வாசலில் பிழிந்து தரும் சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

ஜனவரி 21, புதன்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். கப்பலில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போவார்கள். நீங்கள் அந்த நேரத்துக்கு வேறு பக்கம் போங்கள்.

ஏறும் நாள் மதியம் எல்லோரும் பஃபேயில் தட்டோடு நிற்பார்கள். கீழே பெரிய சாப்பாட்டு அறையும் பல கப்பல்களில் அப்போது திறந்திருக்கும்; மேசை போட்டு, உட்கார வைத்துப் பரிமாறுவார்கள். பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர மாலை ஆகலாம். அதனால் கைப்பையில் அம்மாவின் பிரஷர் மாத்திரை, ஒரு மாற்றுத்துணி, நீச்சல் உடை, பாஸ்போர்ட் இருக்க வேண்டும். துறைமுகத்தில் நிற்கும் நாளில் பாதிக் கப்பல் காலி. குளத்தில் காலை நனைக்க அன்றைக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம், கேபின் ஸ்டூவர்ட். ஒருவர் கையில் பதினைந்துக்கு மேல் அறைகள் இருக்கும். காலையில் எத்தனை மணிக்கு வெளியே போவோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அந்த நேரத்தில் உங்கள் அறை முடிந்துவிடும். கட்டிலைப் பிரிக்க, கூடுதல் தலையணை, மருந்து வைக்கக் குளிர்பெட்டியைக் காலி செய்ய, எல்லாம் கேட்டால் நடக்கும். கேட்காததால்தான் பலருக்குக் கிடைப்பதில்லை. பயணம் முடிந்ததும் வருகிற கருத்துப் படிவத்தில் அவர் பெயரை எழுதுங்கள். என் பெயரை யாரோ எழுதிய தாளை மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் வாசித்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது நேராகப் போய்ச் சேரும். பல மாதம் வீட்டைப் பார்க்காமல் வேலை செய்கிற பிள்ளைகள் அவர்கள்.

ஜனவரி 24, சனி

கோவையிலிருந்து விமானம். கிளம்பிவிட்டார்கள். சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகைதானா என்று கடைசியாக ஒருதரம் பார்த்தேன். கப்பலில் வெளியே போய்த் திரும்புவதும் இரண்டாவது நுழைவுதான்.

ஜனவரி 26, திங்கள்

பினாங்கிலிருந்து பேசினார்கள். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு நடந்தே போகலாம், கப்பல்காரர்களின் சுற்றுலா பஸ் அங்கே தேவையில்லை. குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, லிட்டில் இந்தியாவில் இட்லி சாப்பிட்டிருக்கிறாள் அம்மா. இதுவரை குமட்டல் இல்லை.

நாளை புக்கெட். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். போன் தானாக மாறிவிடும், கப்பல் மாறாமல் தன் நேரத்திலேயே இருக்கக்கூடும். கப்பல் நேரத்தை மாமாவின் கைக்கடிகாரத்தில் வைத்து, அதை மட்டுமே நம்பச் சொன்னேன். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமே வாடகைக் கார் பிடித்துப் போனால் காத்திருக்காது. புக்கெட்டில் ரோடு நெரிசல் அதிகம், அதனால் அங்கே மட்டும் கப்பல் சுற்றுலாவையே எடுக்கச் சொல்லியிருந்தேன்.

ஜனவரி 28, புதன்

கடைசி இரவுக்கு அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். பெட்டியில் அடையாள அட்டை கட்டி ராத்திரியே அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும், காலையில் கரையில் இருக்கும். நாளை போடும் துணியையும் செருப்பையும் அதற்குள் வைத்துப் பூட்டிவிடாதே. கணக்குச் சீட்டை இன்றிரவே சரிபார். காலையில் அந்தக் கவுண்டரில் பெரிய வரிசை நிற்கும். கோவை விமானத்துக்கு நேரம் நிறைய இருக்கிறது, அதனால் கடைசிக் குழுவாக இறங்கு, காலை உணவை உட்கார்ந்து சாப்பிடு.

பதில் வந்தது. ஸ்டூவர்ட் திண்டுக்கல் பையனாம், பெயரை எழுதிக் கொடுத்தாகிவிட்டதாம்.