காற்றுக்கும் தண்ணிக்கும் வழி விட்ட மதில்

யாழ்ப்பாணத்தில் புது வீட்டுக்கு வரைபடம் கேட்டு வருகிறவர்கள் அறைகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். சாமியறை எந்த மூலை, குசினி எவ்வளவு பெரிது, மாடிப்படி உள்ளேயா வெளியேயா என்று எல்லாம் வரும். மதில் என்று வந்தால் மட்டும், "அது கடைசியில பாப்பம், மேசன் கட்டிவிடுவார்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இந்த வேலை கற்றுத் தந்தது இதற்கு நேர்மாறானது. முற்றத்தையும் மதிலையும் முதலில் வரைய வேண்டும். வீடு அதற்குப் பிறகு வந்து உட்காரட்டும்.

கணக்குப் போட்டாலே விஷயம் தெரிந்துவிடும். மூன்று பரப்புக் காணி என்றால் 30 பேர்ச், ஏறத்தாழ 8,170 சதுர அடி. காணி சதுரமாக இருந்தால் சுற்றளவு 360 அடி வரும். அதைச் சுற்றி ஆறு அடி உயரத்தில் மதில் எழுப்பினால் 2,160 சதுர அடிச் சுவர். மேல்மாடி இல்லாத நடுத்தரமான வீடு ஒன்றின் வெளிச்சுவர்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் பெரும்பாலும் இவ்வளவு வராது. ஆக, அந்தக் காணியிலேயே மிகப் பெரிய சுவர் மதில்தான். அதை யோசிக்காமல் கட்டுவது எப்படிச் சரியாகும்?

நான் இங்கே சொல்லப்போவது கோண்டாவில் பக்கம் செய்த ஒரு வேலையைப் பற்றி. ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர். ஊரில் எல்லோருக்கும் அவர்கள் மாஸ்டரும் ரீச்சரும்தான், எனக்கும் அப்படியே. போரில் கூரை போய், பிறகு சுவரும் விழத் தொடங்கியிருந்த பழைய கல்வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் புது வீடு கட்டினார்கள். தெருப்பக்கம் அரைமதில் இருந்தது. மற்ற மூன்று பக்கமும் வேலி: கிளுவையும் பூவரசும் கதிகாலாக, உயிருள்ள வேலிக்கால்களாக, நின்றன, இடையில் பின்னிய தென்னோலைக் கிடுகு. கிடுகு கருத்து, பல இடங்களில் கொட்டுண்டு கிடந்தது.

வேலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிடுகு வேலி பார்வையை மறைக்கும், ஆனால் காற்றை மறிக்காது. மழைத் தண்ணீர் அடியால் ஓடிவிடும். கதிகாலின் குழை ஆட்டுக்கும் வயலுக்கும் போகும். பக்கத்து வீட்டுக்குப் போய்வர வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழையும் இடைவெளி, இருக்கும். அந்தப் பொட்டால்தான் கறி கைமாறும், பிள்ளைகள் ஓடித்திரிவார்கள், சுகமில்லை என்றால் இரவிலே ஆள் வரும். ஷெல்லடிக் காலத்தில் ஒழுங்கையில் இறங்காமல் வளவுக்கு வளவு தாண்டி ஓடியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் வேலி வேண்டும் என்று நான் யாரிடமும் பிடிவாதம் பிடிப்பதில்லை. கிடுகு வாங்கி, ஆள் பிடித்து, வருடா வருடம் அடைப்பது வயதான இரண்டு பேருக்கு முடிகிற காரியம் அல்ல. மதில் வரட்டும். வேலி செய்த வேலைகளை மதிலும் செய்யட்டும் என்பதுதான் என் நிலைப்பாடு.

முதலில் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு கூட மழைக்காலத்தில்தான் ஓடும். கிணற்றில் நாம் அள்ளுவது சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்கிற மழைத் தண்ணீர். அந்த மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போதும், 2020 டிசம்பரில் புரெவியின்போதும் வெள்ளம் வளவுகளுக்குள் நின்றதை இங்கே யாரும் மறக்கவில்லை. மண்ணின் இயல்பான சரிவைக் கவனிக்காமல் காணிக்குக் காணி அடைத்து மதில் கட்டினால் தண்ணீர் எங்கே போகும்? மேட்டுக் காணிக்காரர் மதில் கட்டினால் அவர் வளவில் குளம். பள்ளத்துக் காணிக்காரர் மண் போட்டு உயர்த்தினால் பக்கத்து வீட்டில் குளம்.

அதனால் அத்திவாரம் வெட்டுவதற்கு முன் ஒரு நல்ல மழையில் காணியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பேன். நீர்மட்டக் குழாய் பிடித்து அளந்தாலும், மழை காட்டுகிற வழி தனி. கோண்டாவில் காணியில் தண்ணீர் வடமேற்கு மூலையிலிருந்து வந்து, கிணற்றடியைச் சுற்றி, தென்கிழக்கில் ஒழுங்கை வாய்க்காலுக்குப் போனது. வருகிற இடத்திலும் போகிற இடத்திலும் மதிலின் அடியில் நிலமட்டத்தோடு வாய் விட்டோம். ரீச்சருக்குப் பாம்புப் பயம். "புடையன் பூரும் பிள்ளை" என்றார். நியாயமான பயம், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற வளவு அது. துத்தநாகம் பூசிய கம்பிவலையைச் சட்டத்தில் அடித்து, கழற்றிக் கழுவக்கூடியதாக வாயில் பொருத்தினோம். மாரிக்கு முன் சருகு அள்ளாவிட்டால் வலை அடைத்துக்கொள்ளும் என்பதையும் மாஸ்டரிடம் எழுதியே கொடுத்தேன்.

முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதிக்கிற ஆசையும் இந்த இடத்தில்தான் அடிபடுகிறது. பார்க்கத் துப்புரவாக இருக்கும், உண்மை. ஆனால் கூரைத் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் சேர்த்து ஒழுங்கைக்கு விரட்டிவிட்டு, பங்குனியில் கிணறு வற்றுகிறது என்று கவலைப்படுகிறோம். வாகனம் ஏறும் இடத்தில் மட்டும் கல் பதித்தோம். மற்றது மண்முற்றம். பீலியிலிருந்து இறங்கும் தண்ணீருக்குக் கல்லும் சல்லியும் நிரப்பிய குழி ஒன்று, மலக்குழிக்கு எதிர்ப்பக்கமாக. யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று தெரிந்த பிறகும் வளவை மூடி மெழுகுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. இதில் நான் விட்டுக்கொடுப்பதும் குறைவு.

அடுத்தது காற்று. வைகாசி தொடங்கிச் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். மாரியோடு வாடை வடகிழக்கிலிருந்து வரும். விறாந்தை தென்மேற்கைப் பார்த்திருந்தது. அந்தப் பக்கம் ஆறு அடிக்கு அடைத்து மதில் கட்டினால் காற்று மேலால் ஏறிப் போய்விடும், மதிலுக்கும் வீட்டுக்கும் இடையில் வெக்கைதான் மிஞ்சும். மூன்று அடிக்கு மேலே துளை விட்ட சீமெந்துக்கல் வைக்கலாம் என்று வரைந்தேன். மேசன் ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. "மதில் எண்டால் அடைப்பாய் இருக்க வேணும் பிள்ளை. ஓட்டை விடுறதெண்டால் மதில் என்னத்துக்கு?" என்று கேட்டார். நாற்பது வருடமாகச் சுவர் கட்டிய மனிதர், அவரிடம் படத்தைக் காட்டி வாதாடிப் பயனில்லை. கல்லைச் சாந்து இல்லாமல் ஒரு துண்டு அடுக்கிவைத்து, பின்னேரம் அதன் பின்னால் கதிரை போட்டு இருக்கச் சொன்னேன். பிறகு அவரே ஒவ்வொரு வரிசையையும் அரைக்கல் தள்ளி அடுக்கினால் தெருவிலிருந்து பார்வை நேரே விழாது என்று சொன்னார். அப்படியே செய்தோம். என் படத்தில் இருந்ததைவிட அது மேல்.

கனடாவில் இருக்கிற மகனுக்குக் கவலை வேறு. வட்ஸ்அப்பில் வந்தார். அப்பா அம்மா தனியே இருக்கிறார்கள், எட்டு அடி மதில் வேண்டும், மேலே கம்பி வேண்டும். தூரத்தில் இருக்கும் பிள்ளையின் பயத்தைச் சும்மா தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் உயர அடைத்த மதில் ஏறி உள்ளே குதித்தவனையும் மறைத்துவிடும் என்பதை அவருக்குச் சொன்னேன். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தாலும் வெளியே தெரியாது. அயலாரின் கண்ணும் காதும் எட்டுகிற வீடுதான் இரண்டு முதியவர்களுக்குக் காவல். அவர் ஒரு கிழமை யோசித்தார். பின்பக்கம் மட்டும் ஆறு அடி, வெளிச்சத்துக்கு நல்ல விளக்குகள், படலையடியில் ஒரு கமரா என்று ஒத்துக்கொண்டார்.

கிழக்கு மதிலுக்குப் பொங்கல் காரணமாயிற்று. முற்றத்தில் கோலம் போட்டு, கிழக்கே பார்த்துப் பானை வைக்கிற வீடு. அந்தப் பக்கம் ஒழுங்கையும் அதற்கப்பால் தோட்டமும், மறைக்க ஒன்றுமில்லை. தை மாதம் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, இருபது பாகைக்கு மேல் தெற்கே தள்ளியே எழும். மதிலிலிருந்து பதினைந்து அடி தள்ளிப் பானை, ஆறு அடி மதில் என்றால், வெயில் பானையில் பட ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். மூன்றரை அடியாகப் பதித்தால் அரைமணிக்குள் பட்டுவிடும். அதனால் கிழக்கு மதிலின் தென்பாதியை மூன்றரை அடியில் நிறுத்தினோம். வெயிலைப் பற்றி இன்னொன்று: யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்குச் சுவருக்கு வெயில் வராது என்று நம்பித் தாவாரத்தைக் குறைக்கிறார்கள். கோடையின் முக்கால்வாசியும் அந்தச் சுவர்தான் காய்கிறது. வடக்கிலும் மூன்று அடித் தாவாரம் வைத்தோம். எல்லையில் நின்ற வேம்பையும் வெட்டவில்லை. அதன் வேர் மதிலைத் தூக்கிவிடும் என்பது உண்மைதான். வேருக்கு இரு புறமும் தூண் இறக்கி, மேலால் ஒரு கொங்கிறீற் வளை போட்டு, அதன்மேல் மதிலைக் கொண்டுபோனோம். வேர் தன்பாட்டில் அடியால் போகிறது.

கிணறுதான் எல்லாவற்றிலும் சிக்கலாக இருந்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. அது பங்குக் கிணறு. காணி உறுதிப் பத்திரத்தில் இரு வீட்டாருக்கும் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதியிருந்தது. பக்கத்து வீட்டு மாமி இப்போது குழாயும் மோட்டரும் வைத்திருக்கிறார். கிணற்றடிக்கு வருவது குறைவு. எனவே மதிலை நேரே இழுத்து, கிணற்றை உள்ளே விட்டுவிடலாம் என்று உறவினர் சிலர் ஆலோசனை சொன்னார்கள். யாழ்ப்பாணத்து எல்லை வழக்குகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன, தலைமுறை தாண்டியும் நடக்கின்றன. மாமி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மதில் கட்ட வேண்டாம் எண்டில்லைப் பிள்ளை. தண்ணி அள்ளப் போற வழியை மட்டும் மூடிப்போடாதேங்கோ." கரண்ட் இல்லாத காலங்களில் அந்தக் கிணற்றடியில்தான் இரண்டு வீடும் நின்றிருக்கின்றன.

மதிலை நான் வரைவதற்கு முன் நில அளவையாளரைக் கூப்பிட்டு, இரு பகுதியும் நிற்க எல்லைக்கல் போட்டோம். கிணற்றுக் கட்டின் இரண்டு பக்கத்திலும் மதிலை நிறுத்தினோம். மாமியின் பக்கம் மூன்றடி அகலத்தில் ஒரு மரக்கதவு, கொண்டி இரு பக்கமும். கதவின் மரம் பழைய வீட்டுத் தீராந்தியிலிருந்து ஓடாவியார் அறுத்தெடுத்த பனை. குளிக்கிற இடத்துக்கு மட்டும் ஒரு மறைப்புச் சுவர். மாஸ்டருக்கு இதில் ஆரம்பத்திலிருந்தே மறுபேச்சு இருக்கவில்லை. மாமிதான் கதவுக்கு ஆகும் செலவில் பாதி தருவேன் என்று நின்றார், தந்தார்.

படலை பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒழுங்கை ஒடுக்கம், பக்கத்திலேயே முடக்கு. அதனால் கேற்றை நாலடி உள்ளே தள்ளி, இரு பக்க மதிலையும் சரித்து விட்டோம், வாகனம் ஒரே வீச்சில் திரும்பும். ரீச்சர் சங்கடப்படலைக்கு, கூரை போட்ட பழைய காலத்து வாசலுக்கு, ஆசைப்பட்டார். உள்ளே தள்ளியதால் கிடைத்த இடத்துக்கு மேலே சின்ன ஓட்டுக்கூரை போட்டு, இரு பக்கமும் திண்ணை கட்டினோம். தெருப்பக்கமாகத்தான்.

கட்டு நுணுக்கத்தில் எனக்கு ஓயாத கவலை மதிலின் அடிப்பாகம். இங்கே இரண்டு வருடத்தில் எந்த மதிலையும் பாருங்கள், கீழ் இரண்டு அடியில் பூச்சு பொருக்கு விட்டு உதிர்ந்திருக்கும். மேசன்மார் உப்புப் பூக்குது என்பார்கள். மண்ணின் ஈரம் மேலேறும்போது மணலிலும் மண்ணிலும் இருக்கிற உப்பையும் கொண்டுவருகிறது, ஈரம் காய உப்புத் திரண்டு பூச்சைத் தள்ளுகிறது. அதன்மேல் எத்தனை தரம் பெயின்ற் அடித்தாலும் நிற்காது. கழுவிய மணல் வேண்டும் என்று கண்டிப்பாக நின்றோம். அடி இரண்டடிக்குப் பூச்சே வேண்டாம் என்று விட்டோம். பழைய வீட்டை இடித்த சுண்ணக்கல் குவியலாகக் கிடந்தது. அதையே பொளிந்து அடிவரிசைகளாக வைத்து, மூட்டுகளுக்குச் சுண்ணாம்பு கலந்த சாந்து. மேலே சீமெந்துக்கல், எட்டு அடிக்கு ஒரு தூண். உச்சியில் இரு பக்கமும் சரிந்த கொங்கிறீற் மூடி, இரண்டு அங்குலம் வெளியே நீட்டி, அடியில் நீளவாக்கில் ஒரு காடி, அதாவது சின்னப் பள்ளக்கோடு. அந்தக் காடி இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் சுவரோடு ஒட்டி வழிந்து கறுப்புக் கோடு போடும். காடி இருந்தால் அங்கேயே சொட்டி விழுந்துவிடும். அச்சுப் பலகையில் ஒரு சின்னக் கம்பியை அடித்துவிட்டால் போதும், செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

பழைய கல்லைப் பார்க்க அயலில் இருந்து சிலர் வந்தார்கள். ஒருவர் தன் வளவில் கிடக்கிற இடிகல்லை ஏற்றிவிட ட்ரக்டர் சொல்லியிருந்தாராம், அதை நிறுத்திவிட்டார்.

இப்போது காரைநகரில் ஒரு வீடு வரைகிறேன். அங்கே கடற்காற்று, மணல் நிலம், கிணற்றில் உவர். கோண்டாவிலில் செய்ததை அப்படியே கொண்டுபோக முடியாது. இரும்புக் கேற் அங்கே நிலைக்காது, காடியும் மூடியும் இன்னும் அகலமாக வேண்டும், கம்பிக்கு மேலே கொங்கிறீற் தடிப்பாக நிற்க வேண்டும். வீட்டுக்காரரிடம் அறைகளின் பட்டியல் கேட்பதற்கு முன், பக்கத்து வளவுக்காரர் யார், அவரோடு என்ன பங்கு இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். மதிலுக்கான செலவும் முதல் மதிப்பீட்டிலேயே ஏறியிருக்கிறது.