அடித்துவிட்ட 85,000 ரூபாய்

"தளம் இல்லாம டேங்க் எது மேலங்க சார் நிக்கும்?"

புது நிறுவனங்களுக்கு அரசு மானியத்தைப் பிரித்துக் கொடுத்து வழிகாட்டும் இன்குபேட்டரில் வேலை பார்க்கிறேன். சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்யும் தன் கருவியைத் திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் சோதிக்க மானியம் வாங்கிய தம்பி கேட்டது இவ்வளவுதான். "அதப் பட்டறைக்காரர்கிட்ட பேசிக்கங்க தம்பி, இந்தக் கணக்குல வராது" என்று சொல்லிவிட்டு, பட்ஜெட் தாளில் 'கான்கிரீட் தளம், ஷீட் கூரை - ரூ.85,000' என்ற வரியைக் கோடு போட்டு அடித்தேன். அந்தத் தொகையை இரும்புத் தகடு, ரெக்டிஃபையர் (ஏசி கரன்டை டிசியாக்கும் பெட்டி) தலைப்புக்கு மாற்றிக்கொள்ளவும் சொன்னேன்.

விதிப்படி நான் செய்தது சரி. 2021 ஏப்ரலில் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில், மாதிரி செய்யவும் களத்தில் சோதிக்கவும் 20 லட்சம் வரை மானியம் உண்டு. அது தவணை தவணையாகத்தான் வரும். ஒப்புக்கொண்ட ஒவ்வொரு கட்டமும், அதாவது மைல்ஸ்டோன், முடிய முடிய அடுத்தது. அந்தப் பணத்தில் கட்டமைப்பு வசதி எதையும் உருவாக்கக் கூடாது என்று வழிகாட்டியிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. மானியம் கட்டடமாக மாறிவிட்டால் சோதனை தோற்றாலும் கட்டடம் நிற்கும். பணம் எதற்குக் கொடுத்தோமோ அது நடந்திருக்காது. பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் சிமென்ட் பில் இருந்தால் இன்குபேட்டர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் 12 அடிக்கு 8 அடித் தளம் ஒரு 'வசதி'யா, சோதனைக் கருவியின் கால்களா? இந்தக் கேள்வியை அன்று நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அந்தத் தம்பியுடைய கருவி சாயத்தண்ணீரில் நிறத்தை மட்டும் எடுக்கும். இரும்புத் தகடுகளுக்கு நடுவே சாயத்தண்ணீரை விட்டு டிசி கரன்ட் கொடுத்தால், தகடு கரைந்து சாயத்தைத் திரட்டி அடியில் படிய வைக்கும். உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். அதை மறுபடி சாயமேற்ற எடுத்துக்கொள்ளலாம். 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து, ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற கட்டாயத்தில் ஓட்டும் திருப்பூரில் இந்த உப்புக்கு என்ன மதிப்பு என்று விளக்க வேண்டியதில்லை. மணிக்கு 500 லிட்டர் ஓடும் சின்னக் கருவி. லேபில் நன்றாகவே ஓடியது.

லேபில் ஓடியதற்குக் காரணம், கேனில் கலந்து கொண்டுவந்த தண்ணீர். பட்டறையில் அப்படி வராது. அடர்நிறம் என்றால் சாயக்குளியலில் லிட்டருக்கு 60 கிராமுக்கு மேலும் உப்பு இருக்கும், காரமும் அதிகம். அடுத்து வருவது அலசல் தண்ணீர், அதில் உப்பும் கொஞ்சம், சாயமும் கொஞ்சம். பிறகு அசிட்டிக் ஆசிட் போட்ட தண்ணீர், கடைசியாகக் கொதிக்கக் கொதிக்க சோப்புத் தண்ணீர். உப்பு குறைந்தால் தண்ணீரில் கரன்ட் ஏறாது. ரெக்டிஃபையர் வோல்டேஜ் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். சாயம் கூடும்போது கரைகிற இரும்பு பத்தாது. இதையெல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே சீராக அனுப்புவதற்குத்தான் அந்த 5,000 லிட்டர் சமன் தொட்டி. நிரம்பினால் ஐந்து டன்.

அதை ஹாலோ பிளாக் அடுக்கி அதன் மேல் வைத்தார்கள். பட்டறை மண் எப்போதும் ஈரம். மூன்றாவது வாரம் ஒரு பக்கம் இறங்கி, அவுட்லெட் நிப்பிள் அடியோடு விரிசல் விட்டது. மைல்ஸ்டோன் தேதி நெருங்கியதால் தொட்டியைக் கழற்றிவிட்டு வாய்க்கால் குழியிலிருந்தே நேராகப் பம்ப் போட்டார்கள். வடிகட்டாமல் வந்த பஞ்சுத் தூசி தகடுகளுக்கு நடுவே அடைத்தது. நான் பார்க்கப் போனபோது கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக வைத்திருந்தார். பத்து மணி எடுத்தது குடிதண்ணீர் மாதிரி. பதினொன்றரை எடுத்தது நல்ல மெரூன்.

தளம் இருந்திருந்தால் ஜெயித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். தகட்டில் ஏடு படிவது, சேற்றை எங்கே கொட்டுவது, இரண்டுக்கும் அவரிடம் முழு விடை இல்லை. வேறு காரணத்தாலும் நின்றிருக்கலாம். இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது.

விதியை மீறாமலே வழி இருந்தது. கூண்டு வைத்த 1,000 லிட்டர் ஐபிசி டேங்க் ஐந்தை வாங்கி, அடியில் பைப் போட்டு இணைத்து, ஒரு புளோயரில் காற்றடித்துக் கலக்கியிருக்கலாம். எடை பிரிந்து இறங்கும், எப்போது வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். யார் பார்த்தாலும் கருவிதான், கட்டடம் இல்லை. இதைச் சொல்ல வேண்டியது நான். தொட்டி, பம்ப், தளம் பற்றி லேபிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது என்பதற்காகத்தானே எங்களை நடுவில் வைத்திருக்கிறார்கள்? இடத்தைச் சும்மா கொடுத்த பட்டறைக்காரரிடம், தளமும் போட்டுக் கொடுங்கள் என்று அந்தத் தம்பி எந்த வாயால் கேட்பார்?

ஆனால் ஒருவருக்கு இப்படி வழி சொல்லிக் கொடுத்தால், அடுத்தவர் ஷெட்டையே சக்கரம் வைத்துக் கொண்டுவருவார் என்ற பயமும் பொய்யில்லை. கோடு எங்கே போடுவது என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கடைசித் தவணை போகவில்லை. ஒரு நிறுவனத்துக்கு இந்த மானியம் ஒரே முறைதான். தவணையை முடிவு செய்யும் குழுவுக்குப் போன குறிப்பை எழுதியது நான்: 'கள முடிவுகள் சீராக இல்லை.' உண்மைதான். 'சமன் தொட்டி இல்லாததால்' என்று முன்னால் சேர்த்திருந்தால், ஏன் இல்லை என்று யாராவது கேட்டிருப்பார்கள். கோப்பு மூடி எட்டு மாதமாகிறது. திருத்தக் குறிப்பு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.