போன பிங் திரும்பி வரல

பழைய டெஸ்க்டாப் ஒண்ணு சும்மா கெடந்துச்சு, அதுல ரெண்டாவதா ஒரு நெட்வொர்க் கார்டு சொருகி லினக்ஸ் ஏத்தி ரெண்டு நெட்வொர்க்கையும் இணைச்சுடலாம்னு உக்காந்தேன், அரை மணி நேர வேலைன்னு நெனச்சது ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இழுத்துருச்சு.

ஒரு பக்கம் 192.168.1.0, அந்தப் பக்கம் 192.168.2.0, மாஸ்க் (ஐபில எவ்வளவு பாகம் நெட்வொர்க் நம்பர்னு சொல்றது) ரெண்டுக்கும் 255.255.255.0. நடுவுல இருக்கற பெட்டிக்கு ரெண்டு பக்கமும் கடைசி நம்பர் 254. இந்தப் பக்கம் என் லேப்டாப் 10, அந்தப் பக்கம் ஃபைல் எல்லாம் இருக்கற லினக்ஸ் மெஷின் 20.

லேப்டாப் என்ன பண்ணும்னா, போக வேண்டிய ஐபிய மாஸ்க்கோட வெச்சுப் பாத்து நம்ம தெருவா (அதாவது நம்ம நெட்வொர்க்கா) வேற தெருவான்னு முடிவு பண்ணும். நம்ம தெருன்னா "இந்த ஐபி யாருப்பா"ன்னு ஏஆர்பில (ஐபிய சொல்லி மேக் அட்ரஸ, அதாவது கார்டோட சொந்த நம்பர, கேக்கற முறை) சத்தம் போட்டு கேட்டு நேராவே குடுத்துடும், வேற தெருன்னா கேட்வேயோட (வெளிய போற வாசல், இங்க அந்த நடுப்பெட்டி) மேக் அட்ரஸ கேட்டு வாங்கி அது கையில குடுத்துடும், ஐபி அப்படியேதான் இருக்கும், மேக் மட்டும் தெருவுக்குத் தெரு மாறும். அதனாலதான் கேட்வே நம்ம தெருவுலயே இருக்கணும். லேப்டாப்ல போய் 192.168.2.254ன்னு போட்டா அது வேற தெரு நம்பர், கேட்வேயா செட் ஆகாது (மொதல்ல நான் போட்டது அதத்தான், சிரிக்காதீங்க).

அடுத்து, லினக்ஸ்ல ஐபி ஃபார்வர்டிங் சாதாரணமா 0ல இருக்கும், அதாவது தனக்கு வராத பாக்கெட்ட (டேட்டா துண்ட) அடுத்த பக்கம் அனுப்பாம கீழ போட்டுடும். 1 ஆக்கினேன். கன்ஃபிக் ஃபைல்லயும் எழுதி வைங்க, இல்லன்னா ரீபூட் பண்ணதும் பழைய குருடி கதவத் திறடிதான்.

அப்பவும் லேப்டாப்ல இருந்து 20க்கு அனுப்பின பிங் ("இருக்கியா"ன்னு கேட்டு பதில் வருதான்னு பாக்கற டெஸ்ட்) திரும்பி வரல. டிசிபிடம்ப்ப (கார்டுல போற வர்ற பாக்கெட்ட காட்டற கருவி) நடுப்பெட்டியோட ரெண்டு கார்டுலயும் ஓட விட்டுப் பாத்தா ரிக்வெஸ்ட் ஒரு கார்டுல வருது, இன்னொண்ணுல வெளிய போகுது, ரிப்ளைய மட்டும் காணோம். 20ல ஃபயர்வால அணைச்சேன், ஒண்ணும் நடக்கல. கடைசியா அதோட ரவுட்டிங் டேபிள (எங்க போக எந்த வழின்னு இருக்கற பட்டியல) பாத்தா டிஃபால்ட் கேட்வே 192.168.2.1, இன்டர்நெட் ரவுட்டர்! பதில் ஒழுங்கா கெளம்பி அங்க போயிருக்கு, அதுக்கு 192.168.1 பக்கம் எதுவுமே தெரியாது, வெளிய தள்ளி விட்டுருக்கு, பிரைவேட் ஐபிக்கு (உள் நெட்வொர்க்ல மட்டும் செல்லுபடியாகற நம்பர்) அங்க ஏது வழி. மூணு மணி நேரமா போற வழியவே நோண்டிட்டு இருந்தேன், வர்ற வழிய யோசிக்கவே இல்ல.

நாட் (நடுப்பெட்டி அனுப்புனவரோட ஐபிக்கு பதிலா தன் ஐபிய போட்டு அனுப்பறது) போட்டா உடனே ஓடும்னு பல பேரு சொல்வாங்க, ஓடும்தான், ஆனா யாரு வந்தாலும் 20ஓட லாக்ல 254ன்னே விழும், எனக்கு அது புடிக்கல. 20லயே ஒரு ஸ்டாட்டிக் ரவுட் (கையால எழுதி வெக்கற வழி) போட்டேன், 192.168.1.0க்கு 192.168.2.254 வழியா போன்னு. அந்த இன்டர்நெட் ரவுட்டர்ல ஒரே தடவ போட்டா எல்லா மெஷினுக்கும் சேத்து முடிஞ்சுரும், ஆனா போறது ஒரு வழி வர்றது ஒரு வழின்னு ஆகி, பாதி பேச்ச மட்டும் கேக்கற ஃபயர்வால் சில சமயம் கனெக்‌ஷன அறுத்துரும்.

ரிப்ளை வந்துச்சு, டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டர தாண்டும்போதும் ஒண்ணு கொறயற எண்ணிக்கை) 63. 64ல கெளம்பி நடுப்பெட்டில ஒண்ணு கொறஞ்சிருக்கு, அந்த 63ஐ பாத்தப்பதான் மூச்சே வந்துச்சு.

பாக்கி இருந்தது அந்தப் பக்கத்து பிரிண்டர். அதுல ஸ்டாட்டிக் ரவுட்டுக்கு எடமே இல்ல, கேட்வேன்னு ஒரே ஒரு கட்டம்தான், 192.168.2.254ன்னு அடிச்சு விட்டுட்டுப் போய் படுத்துட்டேன்.