தொட்டித் தண்ணீரும் ஒரு முயலும்

மொட்டை மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கீழே இருந்தே பார்க்கணும், அவ்வளவுதான் ஆசை. மேலே ஒரு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, அதில் ஒலி அலையால் தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார். கீழே பழைய லேப்டாப்பில் ராபிட்எம்க்யூ, ஒரு நிரல் அனுப்பும் செய்தியை வாங்கி இன்னொரு நிரலுக்குக் கொடுக்கும் இடைத்தரகர் மென்பொருள். பெயரில் ராபிட் இருப்பதால் எனக்கு அது முயல். பை அளந்து அனுப்பும், முயல் அதை கியூவில், அதாவது வரிசையில், வாங்கி வைக்கும், இன்னொரு குட்டி நிரல் எடுத்துத் திரையில் காட்டும். இதுக்குப் போய் ராபிட்எம்க்யூவா, இதே மாதிரி எளிய மென்பொருள் மஸ்கீட்டோ போதாதா என்று கேட்பீர்கள். போதும்தான். ஆனால் அலுவலகத்தில் தினமும் யாரோ நிறுவி வைத்த முயலைத்தான் தொடுகிறேன். ஒரு தடவையாவது முதலிலிருந்து நானே செய்து பார்க்க ஆசை.

சென்சார் வேலை அரை நாளில் முடிந்தது. மீதி நேரமெல்லாம் உள்ளே விடச் சொல்லி வாசலில் நின்றதுதான்.

லேப்டாப்பிலேயே பைத்தான் நிரலை ஓட்டினேன். முயலோடு சேர்ந்தே வரும் யூசர் கெஸ்ட், பாஸ்வேர்டும் கெஸ்ட், போர்ட் (இணைப்பு வாசல் எண்) 5672. உடனே வேலை செய்தது. அதே நிரலைப் பையில் போட்டு ஐபி முகவரியை மட்டும் மாற்றினால் 403, லாகின் மறுக்கப்பட்டது. பைத்தான் முயலோடு பேச உதவும் பிகா நூலகத்தில் இந்தப் பிழையின் பெயரே 'ப்ராபபிள் ஆதென்டிகேஷன் எரர்'. அநேகமாக அடையாளப் பிழையாம்! பாஸ்வேர்டை மூன்று தடவை அடித்துப் பார்த்தேன். விவரத்துக்கு புரோக்கரின், அதாவது முயலின், லாகைப் (நடந்ததைக் குறித்து வைக்கும் கோப்பை) பார் என்று அந்தப் பிழையின் கடைசியிலேயே எழுதியிருக்கிறது. அதுவரைக்கும் படிக்கப் பொறுமை இல்லை.

லாகில் ஒரே வரிதான். கெஸ்ட் யூசர் லோக்கல்ஹோஸ்டிலிருந்து, அதாவது முயல் ஓடும் அதே கணினியிலிருந்து, மட்டுமே இணைய முடியும். 2014இல் வந்த 3.3 பதிப்பிலிருந்தே இப்படித்தான். கான்ஃபிக் கோப்பில் லூப்பேக் யூசர்ஸ் என்ற அமைப்பை மாற்றினால் இந்தத் தடை போய்விடும். நான் மாற்றவில்லை. ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டுக்குக் கதவைத் திறந்து வைப்பதைவிட ஒரு புது யூசர் போடுவது இரண்டு நிமிட வேலை.

இரண்டு நிமிடம் என்று நினைத்தேன். 'மாடி' என்று ஒரு யூசர். பாஸ்வேர்ட் 'தண்ணி$5டேங்க்' மாதிரி ஒன்று. டெர்மினலில் இரட்டை மேற்கோளுக்குள் போட்டு உருவாக்கினேன். பையிலிருந்து மறுபடியும் 403. இந்தத் தடவை சமர்த்தாக நேராக லாகுக்குப் போனேன்: யூசர் 'மாடி', தவறான சான்றுகள். சரி, முயலை நிர்வகிக்கும் கருவியான ராபிட்எம்க்யூசிடிஎல்லில் யூசரைச் சோதிக்க ஒரு கட்டளை இருக்கிறதே என்று அதே பாஸ்வேர்டைக் கொடுத்துப் பார்த்தால் வெற்றி என்கிறது. இங்கே சரி, அங்கே தப்பு. நெட்வொர்க்கா, பிகாவா, கீபோர்டா என்று ஒன்றரை மணி நேரம் போனது.

திருடன் பேஷ் ஷெல், டெர்மினலில் அடிக்கும் கட்டளையை வாங்கி இயக்கும் நிரல். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறியும் 5-உம் வந்தால் அதை ஒரு மாறி (வேரியபிள்) என்று எடுத்துக்கொள்ளும். அந்த மாறியில் ஒன்றுமில்லாததால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஆக, முயலிடம் பதிவானது 'தண்ணிடேங்க்'. சோதித்தபோதும் அதே மேற்கோள், அதே விழுங்கல், அதனால் இரண்டும் பொருந்திப்போனது. பைத்தான் மட்டும்தான் நேர்மையாக முழுசையும் அனுப்பிக்கொண்டிருந்தது! ஒற்றை மேற்கோள் போட்டிருந்தால் தீர்ந்தது. அதைவிட நல்ல வழி, கட்டளையில் பாஸ்வேர்டே கொடுக்காமல் விடுவது. அதுவாகவே கேட்கும், ஷெல் ஹிஸ்டரியிலும் தங்காது.

மாற்றினேன். இப்போது எண் 530. 403 இல்லை என்பதே பெரிய நிம்மதி, ஏனென்றால் இவன் யார் என்பதை முயல் ஒத்துக்கொண்டுவிட்டது, '/' என்ற விஹோஸ்டுக்குள் (முயலுக்குள் இருக்கும் தனி அறை) விடத்தான் மாட்டேன் என்கிறது. கட்டளை வழியாகப் புது யூசர் போட்டால் எந்த விஹோஸ்டிலும் அனுமதி இருக்காது, தனியாகக் கொடுக்கணும். உருவாக்க, எழுத, படிக்க என்று மூன்று ரெகெக்ஸ், அதாவது எந்தப் பெயர்களுக்கு அனுமதி என்று சொல்லும் வடிவங்கள். மூன்றுக்கும் '.*' (எல்லாப் பெயரும்) போடச் சொல்லித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். மாடியில் கிடக்கும் பைக்கு எழுத மட்டும் தெரிந்தால் போதாதா என்று எழுதுவதற்கு மட்டும், அதுவும் 'தொட்டி' என்று தொடங்கும் பெயர்களுக்கு மட்டும் கொடுத்தேன். நிரல் பிழையில்லாமல் ஓடியது, கியூ காலி. வரும் செய்தியைக் கியூவுக்குப் பிரித்து அனுப்புவது எக்ஸ்சேஞ்ச். பெயரில்லாத டிஃபால்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாக அனுப்பினால் அனுமதிக் கணக்கில் அதன் பெயர் 'ஏஎம்க்யூ.டிஃபால்ட்'. என் ரெகெக்ஸில் அது இல்லை. மறுப்பு வந்து சேனலை மூடுவதற்குள் நிரல் முடிந்து போயிருந்தது. 'தொட்டி' என்றே தனி எக்ஸ்சேஞ்ச் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வேண்டாத வேலை ஒன்று செய்தேன். பழைய பேக்கப்பிலிருந்து ராபிட்டின் அடைவை (ஃபோல்டரை) அப்படியே மேலே கொட்டினேன், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே. உடனே ராபிட்எம்க்யூசிடிஎல்லே உள்ளே போக முடியவில்லை: எர்லாங் (முயல் எழுதப்பட்ட மொழி) குக்கியைச் சரிபார். இது யூசர், பாஸ்வேர்ட் சமாசாரமே இல்லை. நிர்வாகக் கட்டளையும் சர்வரும் ஒன்றையொன்று அடையாளம் காண ஒரு ரகசியச் சொல் கோப்பு வைத்திருக்கின்றன, அதுதான் குக்கி. சர்வர் அதைத் தொடங்கும்போது படித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. கட்டளை ஒவ்வொரு முறையும் கோப்பைப் படிக்கிறது. கோப்பை நான் மாற்றிவிட்டேன். சர்வீஸை நிறுத்தலாம் என்றால் அதுவும் அதே கட்டளை வழியாகத்தான் கேட்கிறது. லேப்டாப்பையே ரீஸ்டார்ட் செய்தேன். இப்போது சர்வர் எழவே இல்லை, ஏனென்றால் சுடோ போட்டு (நிர்வாகி அதிகாரத்தில்) நகலெடுத்ததில் குக்கிக்கு உரிமையாளர் ரூட், அதாவது நிர்வாகி, ஆகியிருந்தது. ராபிட்எம்க்யூ யூசருக்கு மாற்றி, அனுமதி 400 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம்) என்று வைத்த பிறகு எழுந்தது.

பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு வருகிறது. பாஸ்வேர்ட் இன்னும் வீட்டு வைஃபையில் மறைப்பில்லாமல்தான் போகிறது. டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கம் போட்டு 5671 போர்ட்டுக்கு மாறணும். அதற்கு முன்னால் சென்சாருக்கு ஒரு மூடி செய்யணும், இரண்டு நாளாக அதன்மேல் காக்கா உட்கார்ந்து தொட்டி நிறைந்துவிட்டது என்று காட்டுகிறது.