கதவைத் தட்டப்போவது யார் என்று முன்பே எழுதி வைத்தல்

என் தந்தை தம் கடைசி இரண்டு ஆண்டுகளை ஆக்ஸிஜன் செறிவூட்டும் கருவியின் துணையோடு வீட்டிலேயே கழித்தார். ஒரு புயலுக்குப் பின் முப்பது மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் போனபோது, கையிருப்பில் இருந்த ஒற்றைச் சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்கிட்டுக்கொண்டே இரவு முழுவதும் அவர் அருகில் உட்கார்ந்திருந்தேன். உதவ வேண்டியவர்கள் எல்லோரும் அன்று உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். விழுந்த மரங்களை அகற்றினார்கள், தாழ்வான பகுதிகளில் இருந்தவர்களை மீட்டார்கள், உணவு வழங்கினார்கள். ஆனால் மின்சாரம் நின்றால் மூச்சு நின்றுவிடக்கூடிய ஒருவர் இந்த வீட்டில் இருக்கிறார் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடும் இல்லை. சிலிண்டர் தீர்வதற்குள் இன்னொன்றைச் சுமந்து வந்து சேர்த்தவர், இரண்டு தெரு தள்ளி வசித்த, அதே நோய்க்குத் தம் மனைவியைப் பறிகொடுத்திருந்த ஒரு முதியவர். என் தந்தையை அவர் பிழைக்க வைத்த அந்த இரவுதான், பேரிடர் காலத்து மருத்துவ முன்னேற்பாடு குறித்த ஆய்வுகளை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம்.

படிக்கப் படிக்க முதலில் மாறியது, பேரிடரில் மக்கள் எப்படி இறக்கிறார்கள் என்பது பற்றிய என் எண்ணம். இடிபாடுகளும் வெள்ளமும் கொல்கின்றன என்பது உண்மையே. ஆனால் அந்த நாள் கடந்த பிறகு, செய்திகள் வேறு பக்கம் திரும்பிய பிறகு, வாரக்கணக்கில் நீளும் இரண்டாவது மரணத் தொடர் ஒன்று இருக்கிறது. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல், கரீபியன் கடலில் உள்ள அமெரிக்க ஆட்சிப்பகுதியான புவேர்ட்டோ ரீக்கோவைத் தாக்கியபோது இறந்தவர்கள் 64 பேர் என்றே அரசுக் கணக்கு பல மாதங்கள் கூறிவந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடங்கிய குழு ஒன்று 3,299 வீடுகளில் நேரில் கேட்டறிந்து, அந்த ஆண்டு இறுதிவரை ஏற்பட்ட கூடுதல் மரணங்கள், அதாவது வழக்கமாக நிகழக்கூடியதைவிட அதிகமாக நிகழ்ந்தவை, சுமார் 4,645 ஆக இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டின் பிழை எல்லை மிக அகலமானது என்பதையும் அவர்களே தெளிவாகச் சொன்னார்கள். பின்னர் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இறப்புப் பதிவேடுகளைக் கொண்டு, 2018 பிப்ரவரி வரையிலான கூடுதல் மரணங்களை 2,975 என்று கணித்தது. அரசும் அந்த எண்ணையே அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. ஹார்வர்டு ஆய்வில் பதிவான மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு, சிகிச்சை தாமதமானதோ தடைபட்டதோதான் காரணம் என்று குடும்பத்தினர் கூறியிருந்தனர். மருந்து கிடைக்கவில்லை, சாலை திறக்கவில்லை, கருவிக்கு மின்சாரம் இல்லை, தொலைபேசி இயங்கவில்லை. என் தந்தையின் இரவும் இந்தப் பட்டியலில் ஒரு வரியாக முடிந்திருக்கக்கூடும் என்ற நினைப்போடுதான் அந்தப் பக்கங்களை என்னால் படிக்க முடிந்தது.

எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. 64 என்று நம்பும் சமூகம், அடுத்த புயலுக்குக் கூரைகளையும் தடுப்புச் சுவர்களையும் பலப்படுத்தும். 2,975 என்று அறிந்த சமூகம், அவற்றோடு டயாலிசிஸ் மையங்களின் மின்னாக்கிகளையும், இன்சுலின் குளிர்ச்சி கெடாமல் இருக்கும் வழியையும், தனியாக வாழும் முதியவர்களின் முகவரிகளையும் சேர்த்தே யோசிக்கும். எதை மரணமாக எண்ணுகிறோமோ அதற்குத்தான் நாம் ஆயத்தமாகிறோம்.

ஆயத்தம் பலன் தரும் என்பதற்கு நான் கண்ட ஆதாரங்களில் மிகவும் தெளிவானது சிறுநீரக நோயாளிகளைப் பற்றியது. 2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் நியூயார்க், நியூ ஜெர்சி பகுதிகளை நெருங்கிக்கொண்டிருந்தபோது, பல டயாலிசிஸ் மையங்கள் நோயாளிகளின் வழக்கமான முறைக்குக் காத்திராமல், புயலுக்கு முன்னதாகவே அவர்களை அழைத்துச் சுத்திகரிப்பைச் செய்து முடித்தன. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்ததில், ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் அவ்வாறு முன்கூட்டியே சிகிச்சை பெற்றிருந்தது தெரியவந்தது. அவர்களிடையே அவசரப் பிரிவு வருகைகளும், மருத்துவமனை அனுமதிகளும், அடுத்த முப்பது நாட்களின் மரணங்களும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. புதிய மருந்தோ புதிய இயந்திரமோ இதற்குத் தேவைப்படவில்லை. யார் யாருக்கு எந்த நாளில் சிகிச்சை என்ற பட்டியலும், தொலைபேசியில் அழைக்க ஓர் ஊழியரும், கூடுதல் நேரம் உழைக்கச் சம்மதித்த செவிலியர்களும் இருந்தார்கள்; அவ்வளவுதான்.

ஆனால் இடம் மாற்றுவது எப்போதும் காப்பதாகாது என்பதை 2011-இல் ஜப்பானில் நடந்தது காட்டுகிறது. ஃபுக்குஷிமா அணு உலை விபத்துக்குப் பின், முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள் அவசர அவசரமாகப் பேருந்துகளில் ஏற்றப்பட்டனர். அவர்களது மருத்துவக் குறிப்புகள் உடன் செல்லவில்லை, உணவூட்டும் முறை தெரிந்த பணியாளர்கள் உடன் செல்லவில்லை, சென்று சேர்ந்த இடங்கள் ஆயத்தமாக இல்லை. அவ்வாறு வெளியேற்றப்பட்ட இல்லங்களை ஆராய்ந்தவர்கள், அங்கிருந்தோரின் இறப்பு விகிதம் முன்பிருந்ததைப் போல் 2.7 மடங்கானதாகக் கண்டனர். அந்த மாகாணத்தில் நிலநடுக்கத்தாலும் கடல்கோளாலும் (சுனாமி) நேரடியாக இறந்தவர்களைவிட, பேரிடரைத் தொடர்ந்த அலைச்சலாலும் நோயாலும் மனச்சோர்வாலும் இறந்தவர்களே அதிகம் என்பதை அரசுப் பதிவுகளே ஒப்புக்கொள்கின்றன. எனவே படுக்கையில் இருக்கும் ஒருவரை எப்போது நகர்த்துவது, யார் உடன் செல்வது, எந்தக் காகிதம் அவர் மடியில் இருக்க வேண்டும் என்பவை, நிதானமான நாள் ஒன்றில் முடிவு செய்யப்பட வேண்டியவை.

இதுவரை சொன்னது மருத்துவத்தின் பக்கம். சமூக ஆதரவு என்பதை நான் முதலில், மருத்துவம் செய்து முடித்த பிறகு சேர்த்துக்கொள்ளும் ஆறுதலாகவே நினைத்திருந்தேன். அது தவறு என்று எனக்கு உணர்த்தியவை இரண்டு நகரங்கள்.

1995 ஜூலையில் சிகாகோ நகரில் சில நாட்கள் நீடித்த கடும் வெப்ப அலை, 739 கூடுதல் மரணங்களுக்குக் காரணமாயிற்று. இறந்தவர்களையும், அதே தெருக்களில் உயிர் பிழைத்தவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, குளிரூட்டியின் இருப்பும், வெளியே செல்ல வாகன வசதியும் உயிரைக் காத்தன என்பது எதிர்பார்த்தபடியே தெரிந்தது. அதோடு, தனியாக வாழ்ந்தவர்களுக்கும், நாள்தோறும் வீட்டை விட்டு வெளியே வராதவர்களுக்கும் ஆபத்து அதிகமாக இருந்ததும், அக்கம்பக்கத்தில் நண்பர்கள் உடையவர்களுக்கு அது குறைவாக இருந்ததும் தெரியவந்தது. வெப்பத்தால் தளர்ந்து விழுந்த ஒருவரை, அவர் விழுந்த அன்றே பார்க்க ஒருவர் இருந்தாரா என்பதே வேறுபாடு. ஐரோப்பாவில் 2003 கோடையின் வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் இறந்த பிறகு, அந்நாடு எச்சரிக்கை முறையோடு, முதியவர்களும் நலிந்தவர்களும் விரும்பினால் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளும் ஏடுகளை நகராட்சிகள்தோறும் ஏற்படுத்தியது. வெப்பம் கூடும் நாட்களில் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கிறார்கள். 2006-இல் மீண்டும் வெப்ப அலை வந்தபோது, பழைய போக்கின்படி எதிர்பார்க்கக்கூடியதைவிட ஏறத்தாழ 4,400 மரணங்கள் குறைந்திருந்தன. அந்தக் குறைவு முழுவதையும் தொலைபேசி அழைப்புகளுக்கு உரியதாக்கிவிட முடியாது. மக்கள் விழிப்புணர்வும் எச்சரிக்கைகளும் அதில் பங்கு பெற்றிருக்கின்றன. ஆயினும் ஒரு நாடு மூன்றே ஆண்டுகளில் கற்றுக்கொள்ள முடியும் என்பது எனக்குப் பெரிய நம்பிக்கையைத் தருகிறது.

இரண்டாவது நகரம் ஜப்பானின் கோபே. 1995 ஜனவரி 17 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தனர். வீடிழந்தவர்களுக்குத் தற்காலிகக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை கொடுத்து, குலுக்கல் முறையில் அவை ஒதுக்கப்பட்டன. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட நியாயமான ஏற்பாடு அது. ஆனால் நாற்பது ஆண்டுகள் ஒரே சந்தில் வாழ்ந்தவர்கள் நகரின் வெவ்வேறு மூலைகளுக்குச் சிதறிப்போனார்கள். முன்பின் அறியாத முதியவர்கள் அடுத்தடுத்த அறைகளில் அமர்த்தப்பட்டார்கள். அந்தக் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்டோர், அருகில் ஒருவரும் இல்லாமல் தனிமையில் இறந்தனர். ஜப்பானியர்கள் இத்தகைய மரணத்தைக் கோடொகுஷி என்று அழைக்கிறார்கள். உயிர் பிழைத்தவர்களுக்குக் கூரை கிடைத்தது, ஆனால் அவர்களை அறிந்தவர்கள் கிடைக்கவில்லை.

இந்த அனுபவம் உண்மையிலேயே எதையேனும் மெய்ப்பிக்கிறதா, அல்லது நம் இரக்கம் அப்படி எண்ண வைக்கிறதா என்ற கேள்விக்கு, ஜப்பானின் இவானுமா என்ற கடலோர நகரில் தற்செயலாக ஒரு விடை அமைந்தது. முதியோர் நலம் பற்றிய ஓர் ஆய்வுக்காக, 2010-இல் அந்நகரில் 65 வயதைக் கடந்தவர்களிடம் உடல்நிலை, நட்பு, அக்கம்பக்க உறவு ஆகியவை பற்றி விரிவாகக் கேட்டுப் பதிவு செய்திருந்தார்கள். ஏழு மாதங்களுக்குப் பின், 2011 மார்ச் 11 அன்று வந்த கடல்கோள் நகரின் ஏறத்தாழ பாதி நிலப்பரப்பை மூழ்கடித்தது. பேரிடருக்கு முன் மக்கள் எப்படி இருந்தார்கள் என்ற விவரம் ஆய்வாளர்களுக்குக் கிடைப்பது மிக அரிது. பெரும்பாலான ஆய்வுகள் எல்லாம் நடந்து முடிந்த பிறகு நினைவைக் கேட்டே எழுதப்படுகின்றன, துயரத்தில் இருப்பவரின் நினைவோ துயரத்தின் நிறத்தைப் பெற்றுவிடுகிறது. இவானுமாவில் அந்த முன்விவரம் கையில் இருந்ததால், அதே மனிதர்களைப் பின்னர் சந்தித்து ஒப்பிட முடிந்தது. பேரிடருக்கு முன்பே அக்கம்பக்கப் பிணைப்பு வலுவாக இருந்த பகுதிகளில், பின்னர் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. அங்கு சிலர் குலுக்கல் மூலம் தனித்தனியாகவும், வேறு சிலர் தம் பழைய அயலாரோடு கூட்டமாகவும் புதிய குடியிருப்புகளுக்குச் சென்றிருந்தார்கள். கூட்டமாகச் சென்றவர்கள் பிறரோடு பழகுவதும் பொது நடவடிக்கைகளில் பங்கேற்பதும் கூடின, தனியாகச் சென்றவர்களிடம் அவை குறைந்தன. நான் படித்தவற்றுள் என்னை மிகவும் அசைத்தது இந்த ஆய்வுதான். அயலாரை ஒன்றாகக் குடியமர்த்துவதற்கு ஆகும் கூடுதல் உழைப்பு, பெரும்பாலும் எழுத்தரின் மேசையில் நடக்கும் உழைப்பு. அதன் விளைவோ முதியவரின் உடலிலும் மனத்திலும் தெரிகிறது.

மனநலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துயருற்றவரை உட்கார வைத்து, நடந்தது முழுவதையும் ஒரே அமர்வில் சொல்ல வைத்தால் மனச்சுமை இறங்கிவிடும் என்று ஒரு காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அதனால் பின்னாளைய மன அதிர்ச்சி நோய் தடுக்கப்படவில்லை என்றும், சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்றும் தெரிந்தது. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் பிற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பார்ப்பது, கேட்பது, இணைப்பது என்ற மூன்று செயல்களை முன்வைக்கிறது: யாருக்கு என்ன தேவை என்று கவனிப்பது, அவர் பேச விரும்பினால் மட்டும் கேட்பது, உறவினரோடும் சேவைகளோடும் அவரைச் சேர்த்து வைப்பது. இதைக் கற்க மருத்துவராக இருக்க வேண்டியதில்லை.

தன்னார்வலர் அமைப்பு எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு வங்கதேசத்தைக் காட்டாமல் இருக்க முடியாது. 1970 நவம்பர் புயலில் அங்கு மூன்று முதல் ஐந்து லட்சம் பேர் வரை இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அதன் பின் தொடங்கப்பட்ட புயல் முன்னாயத்தத் திட்டத்தில், ஊர்தோறும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் கொடி ஏற்றியும் ஒலிபெருக்கியில் அறிவித்தும் வீடு வீடாகச் சென்றும் மக்களைப் புகலிடங்களுக்கு அழைக்கிறார்கள். 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக இறந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்டுவதிலும், அவர்கள் புகலிடத்துக்குச் செல்வதிலும் தடைகள் இருந்தன. இப்போது அத்திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். 2007-இல் சிடர் புயல் வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெருந்துயரமே, ஆனால் 1970-ஐ நினைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்க்கும்போது, கதவைத் தட்டிய கைகளை நான் நன்றியோடு எண்ணிக்கொள்கிறேன்.

ஆய்வு செய்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பாதிக்கப்பட்ட ஒரே முகாமுக்கு அடுத்தடுத்துப் பல குழுக்கள் வினாத்தாள்களோடு வந்து, அதே தாயிடம் அதே இழப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்பதும், முடிவுகள் அவள் படிக்க முடியாத மொழியில் வெளியாவதும் முறையன்று. கேட்பதற்கு முன், இந்தக் கேள்வியின் பதிலை ஏற்கெனவே வேறு யாரேனும் பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். கேட்ட பின், கண்டறிந்ததை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பிச் செல்லலாம்.

இவற்றையெல்லாம் படித்த பிறகு, நானும் அந்த முதியவரும் வேறு சிலரும் சேர்ந்து ஒரு பதிவேட்டைத் தொடங்கினோம். பெயரைக் கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் விருப்பம். நோயின் விவரத்தை இருவர் மட்டுமே பார்க்கலாம். கருவி எது, மின்சாரம் இல்லாமல் அது எத்தனை மணி நேரம் இயங்கும், எந்த மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது, நடக்க முடியுமா, இடம் மாற நேர்ந்தால் யாரோடு ஒன்றாக இருக்க விரும்புகிறார் என்பவை அதில் உள்ளன. கடைசிக் கட்டத்தில் இரண்டு பெயர்கள்: யார் வந்து கதவைத் தட்டுவார், அவர் ஊரில் இல்லாவிட்டால் வேறு யார் தட்டுவார். பெயர்களைச் சேர்ப்பதைவிட, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீடாகச் சென்று அவற்றைச் சரிபார்ப்பதே கடினமாக இருக்கிறது. போன முறை சரிபார்த்தபோது ஒன்பது வரிகள் மாறியிருந்தன. இரண்டு பேர் வீடு மாறியிருந்தார்கள், ஒருவர் இறந்திருந்தார், மற்றவர்களுக்கு மருந்து மாறியிருந்தது. அந்த முதியவர் இப்போது கோலூன்றி நடப்பதால், அவரது பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது. அவருடைய கதவைத் தட்ட வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறோம்.