மெட்ராஸ் டெரஸ் சட்டத்தில் ஒரு தச்சுப்பட்டறை

மெட்ராஸ் டெரஸ் (தேக்குச் சட்டங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் பரப்பிய பழைய தட்டைக் கூரை) வீடு இடிபடும்போது இறங்கும் தேக்குச் சட்டம் பட்டறை கட்டத் தோதான மரம். ஆனால் பிளான் போட்டுக்கொண்டு பழைய மரக்கடைக்குப் போகாதீர்கள். கிடைக்கிற நீளம்தான் பிளான்.

நாங்கள் எடுத்தவை 4×3 அங்குலம், 11 அடி. சுவருக்குள் புதைந்திருந்த முனைகள் ஈரத்திலும் கரையானிலும் உளுத்திருந்தன. முனைக்கு 9 அங்குலம் அறுத்தெறிந்தபின் மிஞ்சியது 9½ அடி. கடையில் முழு நீளத்துக்கும் கன அடி போடுவார்கள் (அங்குலம் × அங்குலம் × அடி ÷ 144). முனையை அறுத்தபின் அளக்கச் சொல்லிப் பேசுங்கள். எட்டில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கவேண்டும், பொத்தென்றால் உள்ளே கூடு. ஓரத்து வெள்ளையை (வைரம் பாயாத வெளிப்பகுதி) ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கரையான் அதைத்தான் முதலில் தின்னும். வைரம் பாய்ந்த பகுதிக்குப் பிறகுதான் வரும்.

கூரையின் சரிவுச் சட்டம்தான் கைமரம். 9½ அடிக் கைமரம் இரண்டை எதிரெதிரே சாய்த்தால், 25 டிகிரி சரிவும் ஒன்றரை அடி இறவாரமும் போக, 14 அடி அகலம் கிடைக்கும். டிரஸ்ஸின் (கைமரங்களும் அடிச்சட்டமும் சேர்ந்த முக்கோணம்) அடிச்சட்டத்துக்கு இரண்டு சட்டங்களை நடுவில் 4 அடி ஒட்டவைத்து 12 மி.மீ. போல்ட் ஆறு, இருபுறமும் பெரிய வாஷர். வாஷர் சின்னதானால் மரத்துக்குள் இறங்கி முடுக்கு தளர்ந்துவிடும். தூணுக்கு இரண்டிரண்டு சட்டம், நடுவே 3 அங்குல இடைவெளி. அதற்குள் அடிச்சட்டத்தின் முனை உட்காரும். டிரஸ்ஸுக்கு டிரஸ் 4½ அடி. 5 அடி வைத்திருந்தால், டிரஸ்ஸுகளின் மேல் குறுக்கே போகும் 9½ அடிக் குறுக்குச்சட்டம் இரண்டு இடைவெளிக்கு எட்டாது. ஐந்து டிரஸ், 18 அடி நீளம். தூண், டிரஸ்ஸுக்கு 40 சட்டம். குறுக்குச்சட்டத்துக்கு நெடுக்காகப் பிளந்த 8. கழிவுக்கும் கைத்தாங்கலுக்கும் சேர்த்து 55, அதாவது 11 அடி முழு நீளக் கணக்கில் சுமார் 50 கன அடி வாங்கினோம்.

மரத்தில் மிச்சம் பிடித்த காசு சுத்தம் செய்யும் கூலியில் போகும், முன்பே கணக்கில் வையுங்கள். மேல்முகத்துச் சுண்ணாம்புக் காரையில் மணல் இருக்கும். பிளேனர் பிளேடு ஒரே நாளில் மழுங்கும். காரையைக் காயவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள், பெயின்ட் இருந்தால் நனைத்தே சுரண்டுங்கள், மாஸ்க் கட்டாயம்: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ஆணியைத் தேட, செத்த ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் மெல்ல நகர்த்துவோம். ஆணி இருக்கும் இடத்தில் ஒருபக்கம் இழுக்கும். ஆழத்தில் இருப்பதை இது காட்டாது, அதற்கு மெட்டல் டிடெக்டர். தலை ஒடிந்த ஆணியைப் பஞ்ச் வைத்து மறுபக்கம் தள்ளுங்கள். தேக்கில் இரும்பு துருப்பிடித்த இடம் கறுத்திருக்கும், கண்ணிலேயே தெரியும்.

தூணை மண்ணில் புதைக்காதீர்கள். ஒன்றரை அடிக் குழியில் கான்கிரீட், அதில் இரும்புப் பட்டை. மரம் தரைக்கு 6 அங்குலம் மேலே நிற்கட்டும். கரையான் ஏறினால் மண்கோடு வெளியே தெரியும். காற்றில் தகரக் கூரை கீழே அமுங்குவதைவிட மேலே பிடுங்கிக்கொள்ளத்தான் பார்க்கும், அதனால் கைமரத்தைத் தூணோடு ஆணியில் விடாமல் இரும்புப் பட்டையால் கட்டுங்கள்.

உருட்டு மரம் அறுக்கும் ரம்பம் மட்டும் வைக்காதீர்கள். அது வந்தால் வனத்துறை உரிமம் என்று கதை வேறாகிவிடும்.