குளத்து ஃபில்டரைப் பளபளவென்று கழுவாதீர்கள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் சிமெண்ட் குளத்தில் இப்போது நான்கு கொய் மீன்கள் (வண்ண அலங்காரக் கெண்டை) இருக்கின்றன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழு இருந்தன. அந்த மூன்றும் நோயில் போகவில்லை, கொக்கு தூக்கவில்லை, நான் ஃபில்டரைக் கழுவியதால் போயின. குளம் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் கையை நிறுத்தினால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

குளம் பெரிதில்லை. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டரை அடி ஆழம். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,800 லிட்டர். ஃபில்டர் நானே செய்தது: 200 லிட்டர் நீல டிரம் ஒன்றைக் குளத்துக்கு மேலே ஒரு மேடை கட்டி வைத்திருக்கிறேன். குளத்துக்குள் கிடக்கும் பம்ப், தண்ணீரை டிரம்மின் அடிப்பக்கமாகத் தள்ளும். அடியில் அரை அடி வெற்றிடம், வண்டல் தங்குவதற்கு. அதற்கு மேல் கனமான ஸ்பாஞ்ச் இரண்டு அடுக்கு. அதற்கும் மேல் வெங்காயம் வாங்கும் வலைப்பைகளில் பயோ பால் என்று விற்கும் பிளாஸ்டிக் உருண்டைகள், லாவா கல், சோடா பாட்டில் மூடிகள், பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம். தண்ணீர் இதையெல்லாம் தாண்டி மேலே ஏறி, ஒரு குழாய் வழியாகத் திரும்பக் குளத்தில் விழும். அவ்வளவுதான் ஃபில்டர்.

அந்த வருஷம் சித்திரை ஒன்றுக்கு ஊரிலிருந்து எல்லோரும் வருகிறார்கள் என்று இரண்டு நாள் முன்னால் டிரம்மைக் காலி செய்தேன். ஸ்பாஞ்ச் காப்பித்தூள் நிறத்தில் இருந்தது, பயோ பால் எல்லாம் வழவழவென்று பழுப்புப் படலம். மாநகராட்சிக் குழாயில் ஹோஸை மாட்டி, ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்பாஞ்சின் பழைய நீல நிறம் தெரியும்வரை பிழிந்து பிழிந்து கழுவினேன். வாங்கிய புதிதில் இருந்த மாதிரி ஆகிவிட்டது. குளமும் கண்ணாடி போல் தெளிந்தது. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

நான்காம் நாள் காலையில் மீன்கள் தீனிக்கு வரவில்லை. தண்ணீர் விழும் இடத்துக்குக் கீழேயே கூடி நின்று, வாயை மேலே நீட்டி நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. செவுள் படபடவென்று அடித்தது. ஆறாம் நாள் முதல் மீன் போனது. அப்போதுதான் மீன் வாங்கிய கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஃபில்டர்ல ஏதாவது கை வச்சீங்களா சார்?"

"நல்லா கழுவினேண்ணே."

"எந்தத் தண்ணியில?"

"குழாய்த் தண்ணியிலதான்."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. "பாக்டீரியா பூராவும் போயிருக்கும் சார். முதல்ல தீனியை நிறுத்துங்க."

நான் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்த அந்தப் பழுப்புப் படலம்தான் ஃபில்டரே. மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது, மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும், அது மீனை அவ்வளவாகப் பாதிக்காது, செடிகளுக்கு உரம். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு இருப்பவை அல்ல, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. குழாய்த் தண்ணீரில் குளோரின் போடுவதே பாக்டீரியாவைக் கொல்லத்தான், அது நல்லது கெட்டது பார்ப்பதில்லை. சாதாரண பாக்டீரியா சில, தோதான சூழலில் இருபது நிமிஷத்தில் இரண்டு மடங்கு ஆகிவிடும். இவை அப்படி இல்லை, இரட்டிப்பாகவே ஒரு நாள் பக்கம் ஆகும். அதனால்தான் ஒரு புது ஃபில்டர் முழுசாகத் தயாராக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கிறது. தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் தண்ணீர் நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மோனியாவுக்கு நிறமே கிடையாது.

தீனியை அடியோடு நிறுத்தினேன். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு போர் தண்ணீர் விட்டேன், அதில் குளோரின் இல்லை. ஆனால் போர் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும், அதனால் ஹோஸை உயரத்தில் பிடித்து மழை மாதிரி விழவைக்க வேண்டும். இரண்டாவது வாரம் நைட்ரைட் ஏறியபோது லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில், கிட்டத்தட்ட மூன்று கிலோ கல்லுப்பை வாளியில் கரைத்து இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். அப்படியும் இன்னும் இரண்டு மீன்கள் போய்விட்டன. சோதனைக் குழாயில் குளத்துத் தண்ணீர் எடுத்து, அம்மோனியாவைக் காட்டும் சொட்டு மருந்தை விட்டால் பச்சை வராமல் மஞ்சளாகவே நின்ற நாள் வருவதற்கு ஐந்து வாரம் ஆனது.

ஒரு விஷயம், அந்தச் சோதனையைச் சாயங்காலம் செய்யுங்கள். பாசி பகல் முழுக்கத் தண்ணீரிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் சாயங்காலம் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏறியிருக்கும், பிஎச் ஒரு எண் ஏறினால் அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்காகும். திருச்சி வெயிலில் தண்ணீர் சூடும் சேர்ந்துகொள்ளும். காலையில் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று இருந்துவிடக் கூடாது.

சரி, அப்படியானால் ஃபில்டரைக் கழுவவே கூடாதா? கழுவ வேண்டும், இப்போது நான் செய்வது இதுதான். வாரம் ஒரு முறை டிரம்மின் அடி வால்வைத் திறந்து கறுப்பு வண்டல் போகும்வரை விடுகிறேன், ஒரு வாளி ஒன்றரை வாளி வரும், அது நேராக வாழைக்குப் போகிறது. மாதம் ஒரு முறை ஸ்பாஞ்சில் ஒரே ஒரு அடுக்கை மட்டும் எடுத்து, குளத்துத் தண்ணீரையே வாளியில் மொண்டு, அதில் நாலைந்து தடவை அமுக்கிவிட்டுத் திரும்ப வைத்துவிடுவேன். பழுப்பு நிறம் அப்படியே இருக்கும், இருக்கட்டும். இன்னொரு அடுக்கு அடுத்த மாதம். வலைப்பைகளை வருஷத்துக்கு ஒரு முறைதான் தொடுகிறேன், அதுவும் வாளித் தண்ணீரில் ஒரு முக்கு. நன்றாக இருக்கிற ஃபில்டரைத் திறந்தால் மழை பெய்து ஓய்ந்த மண் வாசம் அடிக்கும். அழுகின முட்டை நாற்றம் வந்தால் எங்கோ தண்ணீர் ஓடாமல் தேங்குகிறது என்று அர்த்தம்.

அந்த நாற்றத்துக்கு நம் ஊரில் முக்கியக் காரணம் மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். பம்ப் நின்றதும் டிரம்முக்குள் இருக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்ஸிஜனைத் தீர்த்துவிட்டு மூச்சுமுட்டிச் சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் பம்ப் தானாக ஓடி, அந்தக் கெட்ட தண்ணீர் மொத்தத்தையும் குளத்தில் கொட்டும். அதனால் கரண்ட் போனதும் பம்ப்பின் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன், வந்த பிறகு அடி வால்வைத் திறந்து டிரம் தண்ணீர் முழுவதையும் செடிக்கு விட்டுவிட்டுத்தான் ஓட்டுவேன். ஒரு சின்ன ஏர் பம்ப்பை இன்வெர்ட்டரில் போட்டு, காற்றைக் குமிழிகளாக விடும் காற்றுக் கல் ஒன்றைக் குளத்திலும் ஒன்றை டிரம்முக்குள்ளும் விட்டிருக்கிறேன். மின்சாரம் அதிகம் இழுக்காது, செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அதுதான். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான் கரையும், அக்னி நட்சத்திரத்தில் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் அது இழுபறி.

அப்புறம், ஃபில்டர் வேலை செய்யவில்லை என்று தோன்றினால் டிரம்மைத் திறக்காதீர்கள், முதலில் விழும் தண்ணீரை அளந்து பாருங்கள். 15 லிட்டர் வாளியை விழும் தண்ணீருக்குக் கீழே பிடித்து போனில் நேரம் பார்த்தால் போதும். என் பம்ப்பின் அட்டைப்பெட்டியில் மணிக்கு 3,000 லிட்டர் என்று போட்டிருக்கிறது, ஆனால் அது உயரம் ஏற்றாமல் அளந்த கணக்கு. நான்கடி ஏற்றும்போது என் வாளி 22 வினாடியில் நிரம்புகிறது, அதாவது மணிக்கு 2,450 லிட்டர். குளத்துத் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது ஃபில்டரைத் தாண்ட வேண்டும், கொய் இருந்தால் ஒரு மணிக்கு ஒரு முறை என்பது நல்லது. இந்த 22-ஐச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன பங்குனியில் அது 50 ஆனது. மணிக்கு 1,080 லிட்டர்தான். பம்ப்பின் வெளிக்கூண்டில் வேப்பம்பூ மெழுகியது போல அப்பியிருந்தது, அதைத் துடைத்தும் 40-க்குத்தான் வந்தது. பம்ப்பை வெளியே எடுத்து முன்மூடியைத் திருகி இம்பெல்லரை (இறக்கையும் காந்தமும் சேர்ந்த, தண்ணீரைத் தள்ளும் சுழலி) உருவினேன். ஒரு பச்சை மிளகு அளவு நத்தை, ஓட்டோடு, இறக்கைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கியிருந்தது. அதைச் சுற்றிப் பாசி நூல் தலைமுடி மாதிரி சுருண்டிருந்தது. காந்தத்தின் மேல் போர் தண்ணீரின் வெள்ளை உப்புப் படிவு, நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு போல் உதிர்ந்தது. அரை மணி நேரம் வினிகரில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து மாட்டினேன். வாளி 23 வினாடி.

இம்பெல்லரை உருவும்போது ஒன்றைக் கவனியுங்கள், நடுவிலிருக்கும் செராமிக் கம்பியின் இரண்டு முனையிலும் குட்டியாக ரப்பர் தொப்பி இருக்கும். கழுவும்போது அது சாக்கடையோடு போய்விடும், அது இல்லாமல் மாட்டினால் கடகடவென்று சத்தம் வந்து கம்பி உடையும். பம்ப் உம்மென்று உறுமுகிறது ஆனால் தண்ணீர் வரவில்லை என்றால் அநேகமாக இம்பெல்லர் சிக்கியிருக்கும், இல்லையென்றால் கம்பி உடைந்திருக்கும், புதுப் பம்ப் வாங்க ஓடாதீர்கள். சத்தமே இல்லை என்றால்தான் வயரைப் பார்க்க வேண்டும். எதுவானாலும் தண்ணீரில் கைவிடுவதற்கு முன் பிளக்கையே பிடுங்குங்கள், சுவிட்சை அணைப்பது போதாது. பழைய வீட்டு வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் சுவிட்ச் அணைந்தும் வயரில் கரண்ட் இருக்கும். குளத்து லைனுக்கு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடாமல் இருப்பவர்கள் இந்த வாரமே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பச்சைத் தண்ணீருக்கு ஃபில்டரைத் திட்டிப் பயனில்லை. அந்தப் பாசி எந்த ஸ்பாஞ்சிலும் நிற்காத அளவுக்குச் சின்னது. வெயிலும் நைட்ரேட்டும் கூடிவிட்டது, அவ்வளவுதான். பாதிக் குளத்துக்குப் பச்சை நிழல் வலை கட்டினேன், தீனியைக் குறைத்தேன், மூங்கில் சட்டம் ஒன்றுக்குள் ஆகாயத்தாமரை விட்டேன், மூன்று வாரத்தில் அடி தெரிந்தது. (கூடுதலாக வளர்ந்ததை உரக்குழியில் போடுங்கள், தயவுசெய்து வாய்க்காலில் எறியாதீர்கள்.) யுவி விளக்கு வைத்திருப்பவர்கள் ஒரு வருஷம் ஓடியதும் குழலை மாற்ற வேண்டும், நீல வெளிச்சம் தெரிந்துகொண்டே இருக்கும், ஆனால் பாசியைக் கொல்லும் கதிர் குறைந்திருக்கும். எரியும்போது அதைக் கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள். பால் கலந்த மாதிரி வெள்ளையாகக் கலங்கினால் அது வேறு, தீனி அதிகமாகிப் போய் வேறு வகை பாக்டீரியா பெருகியிருக்கிறது. இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டால் தெளியும். அந்தப் பட்டினியால் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

போன மாதம் தஞ்சாவூரிலிருந்து சித்தி மகள் வந்திருந்தாள், அவளும் மாடியில் ஒரு தொட்டி கட்டியிருக்கிறாள். "அண்ணா, ஆறு வாரம் காத்திருக்கணுமா, வேற வழியே இல்லையா?" என்றாள். இருக்கிறது. பாலுக்கு உறை ஊற்ற அடுத்த வீட்டில் ஒரு கரண்டி தயிர் வாங்குவதில்லையா, அதே மாதிரிதான். மீனெல்லாம் நோயில்லாமல் இருக்கிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு, என் டிரம்மிலிருந்து ஒரு வலைப்பை லாவா கல்லையும் கையளவு ஸ்பாஞ்சையும் எடுத்து, மூடியில்லாத வாளியில் குளத்துத் தண்ணீர் கொஞ்சம் விட்டு, மேலே ஈரத்துணி போட்டுக் கொடுத்தேன். வழியில் எங்கும் காரை வெயிலில் நிறுத்தாதே, போனதும் வேறு எந்த வேலையும் பார்க்காமல் முதலில் இதை உன் ஃபில்டருக்குள் வை, அன்றைக்கே இரண்டு மூன்று சின்ன மீனை விடு, மீன் இல்லாவிட்டால் இதற்குச் சாப்பாடு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். பத்தாம் நாள் சோதனைக் குழாயைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மஞ்சள்.